லிப்வரி எந்தப் பொதியில் இருக்கிறது

லிப்வரி 2 என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை. இல்லையாம். இதைச் சொல்வதற்கு இந்த மூலை இயந்திரம் நாற்பது விநாடி யோசித்தது. சனிக்கிழமை, மணி இரண்டரை, நான் பாடம் நடத்தும் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் நானும் ஒரு மின்விசிறியும் மட்டும். நான்கரைக்குப் பரிமளம் அக்கா சாவிக்கொத்தோடு வந்துவிடுவார், அதற்குள் வதனிக்கு அந்தப் பூனைக் கதையை எடுத்துத் தந்தாக வேண்டும். காலையில் போனில் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் என் மகள். "அம்மா, திங்கட்கிழமை எனக்கு மூணாம் கிளாஸ் குடுத்திருக்காங்க. மொத நாள் அந்தப் பூனைக் கதையத்தான் படிச்சுக் காட்டப் போறேன். முழுசா வேணும்மா, வரி விழாம." வரி விழாம என்று சொன்னபோது குரலில் ஒரு சிரிப்பு. எட்டு வயதில் அவளைப் பாடாய்ப் படுத்திய விஷயம் அது, இருபத்து மூன்று வயதில் சிரிப்பாகிவிட்டது. எனக்குத்தான் இன்னும் சிரிப்பு வரவில்லை. தேடிப் பார்க்கிறேன் என்றேன். "எதுக்குத் தேடணும், ஜெசி ஆன்ட்டிக்கு ஒரு போன் போடேன்," என்றாள். அவள் நம்பர் என்னிடம் இல்லை என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். கடைசி நான்கு எண் நான்கு நான்கு ஒன்று ஏழு. என் ஏடிஎம் அட்டையின் எண் மறந்துபோகும், இது போகாது. பதினைந்து வருஷமாக இந்த எண்ணை நான் அழுத்தவில்லை, இன்றைக்கும் அழுத்தப் போவதில்லை, அதற்காகத்தானே மதியச் சாப்பாட்டை அரைகுறையாக விழுங்கிவிட்டு இந்தத் தூசியில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

கதையை மறுபடி வாயால் சொல்லிவிட்டால் ஆயிற்று, உன் கதைதானே, என்று யாரும் கேட்கலாம். என் கதைதான், ஆனால் முழுக்க என்னுடையது என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வதனியை மடியில் போட்டுக்கொண்டு சொல்வேன், எதிரே உட்கார்ந்து ஜெசிந்தா அதை ஏட்டில் தட்டிக்கொண்டே வருவாள். ஏடு என்பது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய தமிழ்ச் செயலி, தட்டச்சு செய்து அச்சடிக்க உதவுவது, அதைச் சோதித்துப் பார்க்க நீளமாக ஏதாவது வேண்டியிருந்தது, கதை கிடைத்தது. நான் ஒரு வாக்கியம் சொன்னால் அவள் ஒன்றரை வாக்கியம் தட்டுவாள். அது என்னடி கூட அரை என்றால், "உன் பூனை ரொம்ப சீரியஸா இருக்கு பொற்கொடி, யாராவது அதுகிட்ட பேசணும்ல," என்பாள். எது நான் சொன்னது, எது அவள் நுழைத்தது, இப்போது பிரித்துப் பார்க்க எனக்கு வழியில்லை. எழுத்துகளை ஏடு தன் சொந்த முறையில் சேமித்து வைக்கும், வேறு எந்தச் செயலியில் திறந்தாலும் பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கும். ஆகவே பூனைக் கதைக்கு ஏடு வேண்டும், ஏட்டுக்கு, வரிகளைப் பக்கம் பக்கமாக அடுக்கித் தரும் லிப்வரி என்ற நிரல் நூலகம் வேண்டும், லிப்வரி எந்தப் பொதியில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். கோப்புகளை மூட்டையாகக் கட்டிவைக்கிற பேக்கேஜ் என்பதற்குப் பொதி என்று பேர் வைத்தது எங்கள் தமிழ்க் கணினித் தன்னார்வக் குழுதான் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். பொதி சுமக்கிற பிராணி எதுவென்று கேட்டு அன்றைக்கு முழுக்கச் சிரித்தோம், இன்றைக்கு அதைச் சுமப்பது நான் ஒருத்திதான்.

தேடச் சொல்லியிருக்கிறேன், கருவி தேடிக்கொண்டிருக்கிறது. ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால் இத்தனை ஆயிரம் பொதிகளில் எதற்குள் அது இருக்கிறது என்று சொல்லும் கருவி. இது இல்லாத காலத்தில் நாங்களே அந்தக் கருவியாக இருந்தோம். அப்போது ஆய்வகத்தில் இணையம் கிடையாது. ஒரு செயலியை நிறுவினால் இன்னொரு கோப்பு இல்லை என்று இயந்திரம் சொல்லும். அந்தப் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஹமீது பாயின் பிரவுசிங் சென்டருக்கு இரண்டு பேரும் பஸ் ஏறுவோம். பொதியை இறக்கி, ஒரு பிளாப்பியில் கொள்ளாமல் நான்காக வெட்டி, நான்கு பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு திரும்பி வருவோம். மூன்று சரியாக இருக்கும், நான்காவது படிக்காது. மறுபடி பஸ். நான்கும் சரியாக வந்த நாளில் இயந்திரம் அந்தப் பொதிக்குள் இருக்கிற கோப்புக்கு வேறொரு கோப்பு வேண்டும் என்று கேட்கும். மறுபடி பஸ். ஹமீது பாய் எங்களைப் பார்த்ததும் எழுந்து மூன்றாம் நம்பர் தடுப்பைக் காலி செய்து தருவார். "என்னம்மா, உங்க மெஷினு மறுபடியும் எதையோ கேக்குதா? மாசமா இருக்கற பொண்ணாட்டம் அது பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கே." மழை நாளில் ஜெசி பிளாப்பிகளைத் தன் டிபன் பாக்ஸில் வைத்து மூடி மார்போடு அணைத்துக்கொண்டு வருவாள், அவள் தயிர்சாதம் என் பாக்ஸில் என் புளிசாதத்தின் மேல் கிடக்கும். அந்தக் கண்றாவியை இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். அதைவிட ருசியாக நான் பிறகு எதையும் சாப்பிட்டதில்லை என்று சொன்னால் மிகையாக இருக்கும், ஆனால் நாக்கில் இப்போது அதுதான் வருகிறது.

இல்லை. எந்தப் பொதியிலும் இல்லை என்கிறது. பெயரைச் சரியாகத்தான் கொடுத்தேனா, லிப்வரி, பின்னால் புள்ளி, இரண்டு, சரிதான். இருக்கட்டும், கையால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாம், ஜெசியின் பொதிகள் இருபதுக்குள்தானே. பொதிக்குப் பெயர் வைக்க ஒரு விதிமுறை உண்டு. உள்ளே என்ன நூலகம் இருக்கிறதோ அதன் பெயரும் பதிப்பு எண்ணும் வெளியே தெரிய வேண்டும், யார் தேடினாலும் கிடைக்க வேண்டும். ஜெசிக்கும் விதிமுறைக்கும் ஆகவே ஆகாது. அவள் பஸ் ஸ்டாப் பெயர்களை வைத்தாள். சத்திரம் என்றால் இணையத்தோடு பேசுகிற கோப்புகள், ஹமீது பாய் கடை அங்கேதானே. மெயின்கார்டுகேட் என்றால் கடவுச்சொல் சரிபார்ப்பது. பாலக்கரை அவள் வீடு, அதில் எழுத்துருக்கள், அவளுக்கு மிகவும் பிடித்தவை. தென்னூரில் அச்சடிக்கிற வேலை. ஜனங்கள் எப்படியடி கண்டுபிடிப்பார்கள் என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். "கண்டக்டர்கிட்ட கேக்கட்டும்," என்பாள். கண்டக்டர் என்றால் அவள்தான். "உறையூரு மட்டும் வேண்டாம்டி, அது என் வீட்டு ஸ்டாப்பு, பிழை வந்தா எல்லாரும் எங்க வீட்டுக் கதவத் தட்டுவாங்க," என்றேன். "சரி, உன் ஸ்டாப்புல நிறுத்தல. ஓவர்டேக் பண்ணிப் போயிடறேன்." சொன்ன மாதிரியே புத்தூர், தில்லைநகர், சிந்தாமணி, ஜங்ஷன் எல்லாம் வந்தன, உறையூர் வரவில்லை. சத்திரத்தைத் திறந்தேன், இல்லை. மெயின்கார்டுகேட், இல்லை. பாலக்கரையில் எழுத்துருக்கள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் அவள் வைத்த செல்லப் பெயர்கூட அப்படியே இருக்கிறது, தொப்பையன், ஒல்லி, மாமியார். மாமியார் கொஞ்சம் சாய்ந்த எழுத்து. தனியாக உட்கார்ந்து சிரித்தேன், சிரித்த வாயை மூடியதும் ஆய்வகம் முன்னைவிட வெறிச்சென்று இருந்தது.

தென்னூரைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போகிறேன் என்று தெரிகிறது. தென்னூர் காலி, அது எனக்குத் திறக்காமலே தெரியும், காலி செய்தது நான். 2009 அக்டோபரில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி முகாம், ஏட்டைக் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தோம். ஏட்டின் புதிய பதிப்பு லிப்வரியின் இரண்டாம் பதிப்பைக் கேட்டது, ஜெசி அதை இன்னும் எழுதி முடிக்கவில்லை. முடிக்காதவள் முடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். முதல் பதிப்பின் மேலேயே இரண்டு என்று ஒரு பெயர்ப்பலகையை மாட்டி விட்டுவிட்டாள், ஒரு பொய் இணைப்பு, இரண்டைக் கேட்டு வருகிறவனை ஒன்றின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிற வேலை. ஏடு திறந்தது. முகாமில் கைதட்டினார்கள். ஜெசி எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் நான் வதனிக்குக் கதையை அச்சடித்துக் கொடுத்தேன், அவள் படித்துவிட்டு வந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, பூனை ரோட்டுல நின்னுக்கிட்டு இருந்துச்சு, அடுத்த பக்கத்துல பஸ்ஸுக்குள்ள இருக்கு. யாரு ஏத்திவிட்டா?" எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரி இல்லை. பழைய பதிப்புக்குப் புதிய பக்க அளவு தெரியாது, ஒரு வரியை விழுங்கிக்கொண்டே போயிருக்கிறது. எண்பது ஆசிரியர்கள் எண்பது பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாள் அடித்துக்கொண்டிருந்தார்கள், எந்தக் கேள்வி விழுந்தது என்று எந்தப் பிள்ளைக்குத் தெரியும். கோபம் நியாயமானது. இப்போதும் சொல்வேன், கோபம் நியாயமானதுதான்.

போன் போட்டிருக்கலாம். பாலக்கரைக்கு ஒரு பஸ் ஏறியிருக்கலாம். நான் முந்நூறு பேர் படிக்கிற எங்கள் மின்னஞ்சல் மடற்குழுவுக்குக் கடிதம் எழுதினேன். தலைப்பு, கடும் பிழை, ஜெசிந்தா மேரியின் பொய் இணைப்பு. எங்கள் ஆட்களுக்கு இது ஒரு பழக்கம், வீட்டுக்குள் பேச வேண்டியதையும் பிழை அறிக்கையாக எழுதி, தீவிரம் மிக அதிகம் என்று குறித்து, ஊருக்கே அனுப்பிவிட்டுக் கடமையைச் செய்தோம் என்று கையைத் துடைத்துக்கொள்வது. முந்நூறு பேரில் பாதிப் பேருக்கு மேல் பதில் எழுதினார்கள். பெண்பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் இப்படித்தான் என்றுகூட ஒருவன் எழுதினான், அதில் நானும் அடக்கம் என்பது அவனுக்கும் உறைக்கவில்லை, கோபத்தில் எனக்கும் உறைக்கவில்லை. குழுவின் பொதிகளெல்லாம் இருக்கும் இணையக் களஞ்சியத்தின் சாவி அப்போது என்னிடம் இருந்தது, தென்னூரைத் திறந்து அந்தக் கோப்பை என் கையாலேயே நீக்கினேன். ஜெசி ஒரு பதிலும் எழுதவில்லை. மறுநாள் நானும் குழுவிலிருந்து விலகி, சாவியை யாரிடமோ ஒப்படைத்து, இந்த இயந்திரத்தை மூலைக்குத் தள்ளினேன். அவள் அழுதாளா, அவள் கணவர் அந்தக் கடிதத்தைப் படித்தாரா, மாதா கோயிலுக்குப் போகிற வழியில் யாராவது அவளைக் கேட்டார்களா, இதையெல்லாம் பஸ்ஸில் போகும்போது நினைப்பேன், இறங்கும்போது விட்டுவிடுவேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூர்க் கல்யாணம் ஒன்றில் பந்தியில் அவள் முதுகைப் பார்த்தேன். சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

கதவு தட்டப்படுகிறது, பரிமளம் அக்கா. "மேடம், இன்னும் முடியலையா? மணி நாலாவுது. தேடறது கெடைக்கலைன்னா யார்கிட்டயாச்சும் கேட்டுட வேண்டியதுதான?" எல்லாருக்கும் எப்படித்தான் தெரிகிறதோ. அரை மணி நேரம் கொடுங்க அக்கா என்றேன். அவர் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு போகிறார், வெளிச்சம் ஒவ்வொரு கட்டமாகக் குறைகிறது. கைப்பேசியை எடுத்தேன், நான்கு நான்கு ஒன்று வரை வந்தேன், ஏழு வரவில்லை. என்னவென்று ஆரம்பிப்பது, நான் பொற்கொடி என்றா, சௌக்கியமா என்றா, அந்தக் கேள்வியைக் கேட்கிற உரிமையை நான்தான் தொலைத்துவிட்டேனே. அவள் எடுத்து, யார் என்று கேட்டுவிட்டால். அதுதான் பயம், திட்டுவதெல்லாம் பயமில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். தேடலின் முடிவுக்குக் கீழே, நான் இத்தனை நேரம் கண்ணெடுத்தும் பார்க்காத ஒரு சாம்பல் வரி இருந்தது. பட்டியல் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது, 27 அக்டோபர் 2009.

முதலாமாண்டுப் பிள்ளைகளை நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். பொதி இல்லை மேடம் என்று வந்து நிற்பார்கள், பட்டியலைப் புதுப்பித்தாயா என்று கேட்பேன், முழிப்பார்கள். கருவி களஞ்சியத்தைப் பார்ப்பதில்லை, தன்னிடம் இருக்கிற பட்டியலைத்தான் பார்க்கிறது, பட்டியல் பழசானால் இருப்பதையும் இல்லை என்றுதான் சொல்லும். இந்தப் பாடமே ஜெசி எனக்குச் சொன்னது, ஒவ்வொரு முறையும் சொன்னது, முதல் கேள்வியே அதுதான் அவளிடம். நான் பதினைந்து வருஷத்துப் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரமாகத் தேடியிருக்கிறேன். குழுவின் களஞ்சியம் இன்னும் உயிரோடு இருக்குமா என்பதே சந்தேகம், இருந்தாலும் புதுப்பி என்று கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு சதவீதம். எந்த ஊரில் எந்தப் புண்ணியவான் அதற்கு இன்னும் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கிறானோ, மூன்று சதவீதம், ஒன்பது, நாற்பது. முடிந்ததும் மறுபடி பெயரைக் கொடுத்தேன். லிப்வரி 2. ஒரே ஒரு விடை வந்தது. கோப்பு இருக்கும் பொதி, உறையூர்.

உறையூர். நிறுத்த மாட்டேன் என்று சொன்ன ஸ்டாப். இறக்கிக்கொண்டேன், உள்ளே நூலகம் இருந்தது, கூடவே மாற்றக் குறிப்பு என்ற கோப்பும் இருந்தது. ஒவ்வொரு பொதிக்குள்ளும் அது இருக்கும், என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று பராமரிப்பவர் எழுதிவைப்பது, உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஒருவரும் படிப்பதில்லை. திறந்தேன். இப்படி எழுதியிருந்தது: "லிப்வரி இரண்டாம் பதிப்பை முதல் வரியிலிருந்து புதிதாக எழுதினேன், பெயர்ப்பலகை வேலை எதுவும் இல்லை. பக்கத்தின் கடைசி வரி இனி விழாது, நாற்பது பக்கம் அச்சடித்து எண்ணிப் பார்த்தேன். எண்பது பள்ளிக்கும் வட்டு அனுப்பியாயிற்று. பொற்கொடி சொன்னது சரி. சொன்ன விதம் வேறு விஷயம். பிழை என்றால் கதவைத் தட்டலாம் என்பதற்காக இந்தப் பெயர். வதனிக்கு, உன் பூனைக்குக் கண்டக்டர் இடம் கொடுத்துவிட்டார்." கீழே ஜெசிந்தா மேரி, 29 அக்டோபர் 2009, வியாழக்கிழமை. என் கடிதம் போய் மூன்றே நாள். நான் குழுவை விட்டு இரண்டு நாள். மூன்று நாளில் அவள் இவ்வளவையும் எழுதி முடித்து, யாரும் படிக்காத இடத்தில் எனக்குப் பதில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் வந்து திறப்பேன் என்று எத்தனை நாள் நினைத்திருப்பாள் என்ற எண்ணம் வந்ததும் கண் கலங்கி, எழுத்து எல்லாம் மாமியார் மாதிரி சாய்ந்துவிட்டது.

நிறுவினேன். ஏடு திறந்தது. கதையின் முதல் பக்கம், பூனை, ரோடு, மழை, எல்லாம் நான் சொன்னது. பக்கத்தின் அடியில், நான் சொல்லாத, அச்சில் ஒருபோதும் பார்க்காத அந்த வரி. கண்டக்டர் குனிந்து பூனையிடம், ஏறிக்கோ, இடம் இருக்கு, என்றார். அவ்வளவுதான் அவள் சேர்த்த அரை வாக்கியம். பன்னிரண்டு பக்கத்தையும் அச்சுக்கு அனுப்பினேன், அச்சுப்பொறி முதல் தாளை இழுக்கிற சத்தம் கேட்டது. பரிமளம் அக்கா வாசலில் நிற்கிறார், சாவியை ஆட்டவில்லை. கைப்பேசியை நிமிர்த்தினேன். இந்த முறை ஏழும் வந்துவிட்டது. நான்கு முறை மணி அடித்தது, ஐந்து, ஆறு. எடுத்தாள். சொல்லுங்க என்றது குரல், கொஞ்சம் கரகரத்திருந்தது, அவளேதான். சௌக்கியமா என்று கேட்க வாயெடுத்தேன், வந்தது வேறு.

"ஜெசி," என்றேன். "லிப்வரி ரெண்டு எந்தப் பொதியில இருக்கு?"

அந்தப் பக்கம் எங்கேயோ குக்கர் விசில் அடித்து அடங்கியது. அச்சுப்பொறி மூன்றாவது தாளையும் தள்ளியது.

"பட்டியலப் புதுப்பிச்சியாடி?" என்றாள்.

"இப்பத்தான்," என்றேன்.